சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் எழுதிக்கொண்ட போர்க்காலக் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், சோவியத் தலைவர் ஸ்டாலின்: இரண்டாம் உலகப்போரின்போது இந்த மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது இரண்டே முறைதான். 1943 நவம்பர் கடைசியில் தெஹ்ரானில், அப்புறம் 1945 பிப்ரவரியில் யால்டாவில். மிச்ச நாளெல்லாம் கூட்டணி தந்தியில்தான் ஓடியது. அந்தத் தந்திகளைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவற்றை நட்புக் கடிதங்களாக நான் படிப்பதில்லை. பதில் வர எத்தனை நாள் ஆயிற்று, எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கடிதப் போக்குவரத்தை ஆரம்பித்தது யார்?

ரூஸ்வெல்ட். 1939 செப்டம்பர் 11 அன்று, பிரிட்டன் போரில் இறங்கிய எட்டாவது நாள், சர்ச்சிலுக்கு எழுதினார். அப்போது சர்ச்சில் பிரதமர் இல்லை, கடற்படை அமைச்சர். ஒரு நாட்டின் அதிபர் இன்னொரு நாட்டின் அமைச்சரோடு நேரடியாகக் கடிதம் வைத்துக்கொள்வது வழக்கத்தில் இல்லாத காரியம். ஆனால் முதல் உலகப்போரில் ரூஸ்வெல்ட் அமெரிக்கக் கடற்படைத் துறையின் துணைச் செயலர், சர்ச்சில் அப்போதும் கடற்படை அமைச்சர். பழைய கடற்படை உறவு என்ற சாக்கு போதுமானதாக இருந்தது.

சர்ச்சில் ‘கடற்படைக்காரர்’ என்ற பெயரில் பதில் எழுதினார். 1940 மே 10 அன்று பிரதமரானதும் அது ‘முன்னாள் கடற்படைக்காரர்’ ஆயிற்று. யாரையும் ஏமாற்றாத புனைபெயர்தான், ஆனால் பின்னால் ஓரிடத்தில் நன்றாகவே உதவியது. இந்தியா பற்றிய கேள்வியில் அது வரும்.

மொத்தம் எத்தனை கடிதங்கள்?

சர்ச்சில் ரூஸ்வெல்ட்டுக்கு அனுப்பியவை 1,161, ரூஸ்வெல்ட் சர்ச்சிலுக்கு அனுப்பியவை 788 என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஸ்டாலினுக்கும் மற்ற இருவருக்கும் இடையே 600-க்கு மேல். யாருக்கு யார் அதிகம் தேவைப்பட்டார் என்பது அந்த 1,161-லேயே தெரிகிறது.

தபாலில் போயினவா? ரகசியம் கசியவில்லையா?

பெரும்பாலானவை சங்கேதத் தந்திகள். நீண்ட கடிதங்கள் தூதரகப் பையிலும், சில கடிதங்கள் நம்பிக்கையான ஆள் கையிலும் போயின. அமெரிக்கா போரில் இறங்கியபின், 1942 ஜனவரியில் வெள்ளை மாளிகைக்குள் ‘வரைபட அறை’ என்று ஒன்று அமைத்தார்கள். போகும் தந்திகள் ஒரு படையின் சங்கேத அறை வழியாகவும், வரும் தந்திகள் இன்னொரு படையின் அறை வழியாகவும் சென்றன. முழுக் கட்டும் தன்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்பது ரூஸ்வெல்ட்டின் ஏற்பாடு. ஸ்டாலினுடைய கடிதங்களை லண்டனில் இருந்த சோவியத் தூதர் மைஸ்கி பெரும்பாலும் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுப்பார். சர்ச்சில் படிக்கும்போது முகம் எப்படி மாறியது என்பதும் மாஸ்கோவுக்குத் தெரிய வேண்டுமே.

கசிவுகள் இருந்தன. லண்டன் அமெரிக்கத் தூதரகத்தில் சங்கேத எழுத்தராக இருந்த டைலர் கென்ட் 1940 மே 20 அன்று கைதானபோது, அவர் அறையில் ஏறத்தாழ 1,900 ஆவணங்கள் இருந்தன. சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் எழுதிக்கொண்டவையும் அவற்றில் அடக்கம். அமெரிக்கா இன்னும் நடுநிலை நாடாக இருந்த நேரம். தேர்தல் ஆண்டு வேறு. அந்தக் கட்டு வெளியே போயிருந்தால் ரூஸ்வெல்ட்டின் பாடு திண்டாட்டமாகியிருக்கும். கென்ட்டுக்கு ஏழு ஆண்டுச் சிறை கிடைத்தது.

தொலைபேசி இன்னும் மோசம். குரலைக் கலைத்து அனுப்பும் கருவி ஒன்று இருந்தது. ஜெர்மன் அஞ்சல் துறைப் பொறியாளர்கள் அதை 1942-லேயே அவிழ்த்துவிட்டு, நெதர்லாந்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1943 ஜூலை 29 அன்று இத்தாலி சரணடைவது பற்றி இருவரும் பேசியது அப்படித்தான் ஜெர்மானியர் காதில் விழுந்தது. அதே மாதம்தான் ‘சிக்சாலி’ என்ற புதுக் கருவி வேலைக்கு வந்திருந்தது. 50 டன்னுக்கு மேல் எடை. லண்டன் பக்கத்து இயந்திரத்தை செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் நிலவறையில் வைத்திருந்தார்கள்.

அவர்களே எழுதினார்களா, அதிகாரிகள் எழுதிக் கையெழுத்து வாங்கினார்களா?

சர்ச்சில் பெரும்பாலும் தானே வாய்மொழியாகச் சொல்லி எழுதவைப்பார். அதனால்தான் அவருடையவை நீளம், அலங்காரம், சில சமயம் கெஞ்சல். ரூஸ்வெல்ட்டுக்கு நெருங்கிய ஆலோசகர் ஹாப்கின்ஸ், தளபதி மார்ஷல், அட்மிரல் லேஹி என்று வரைவு எழுத ஆட்கள் இருந்தார்கள். உடல்நலம் குன்றிய கடைசி ஆண்டில் அவருடைய சொந்த வாக்கியத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஸ்டாலின் பெயரில் போனவற்றில் பலவற்றின் முதல் வரைவு வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவுடையது, ஸ்டாலின் பென்சிலால் திருத்துவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதும் வறட்டுக் கடிதங்கள். எனக்கு மூவரில் அவர் கடிதங்கள்தான் படிக்க எளிது. என்ன வேண்டும் என்பதில் சந்தேகமே வைக்கமாட்டார். 1941 செப்டம்பர் 3 தேதியிட்டதில், மாதம் 400 விமானம், 500 டாங்கி, உடனே 30,000 டன் அலுமினியம் என்று மளிகைக் கடைச் சீட்டு மாதிரி கேட்டிருப்பார்.

ஒரே ஒரு கடிதம் போரின் போக்கை மாற்றியது என்று சொல்ல முடியுமா?

முடியும் என்றால் அது 1940 டிசம்பர் 8 தேதியிட்ட சர்ச்சிலின் கடிதம். முதல் பெரிய வேண்டுகோள் அதற்கு முன்பே போயிருந்தது. பிரதமரான ஐந்தாம் நாள், 40 அல்லது 50 பழைய நாசகாரிக் கப்பல்களைக் கடனாகக் கேட்டார். நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும் என்று ரூஸ்வெல்ட் தள்ளிப்போட்டார். பிரான்ஸ் விழுந்து, லண்டன் மீது குண்டு விழப்போகும் தறுவாயில், செப்டம்பர் 2 அன்றுதான் 50 கப்பல்களுக்கு உடன்பாடு ஏற்பட்டது. சும்மா இல்லை, நியூஃபவுண்ட்லாந்து முதல் கரீபியன் வரை பிரிட்டிஷ் தளங்களில் 99 ஆண்டுக் குத்தகை பெற்றுக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

டிசம்பர் கடிதம் வேறு ரகம். சுமார் 4,000 சொற்கள். கடலில் எவ்வளவு சரக்கு மூழ்குகிறது, அடுத்த ஆண்டு எங்கே ஆபத்து என்று நிதானமாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறார்: இனி ரொக்கம் கொடுத்து வாங்க எங்களால் முடியாத நேரம் நெருங்குகிறது. எப்படித் தர வேண்டும் என்று யோசனை சொல்லவில்லை. வழியைக் கண்டுபிடிக்கும் வேலையை அவரிடமே விட்டுவிட்டார். அந்தக் கடிதத்தின் கெட்டிக்காரத்தனமே அங்கேதான் இருக்கிறது.

ரூஸ்வெல்ட் அப்போது டஸ்கலூசா என்ற போர்க்கப்பலில் கரீபியன் கடலில் ஓய்வில் இருந்தார். கடல் விமானம் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. திரும்பத் திரும்பப் படித்தார் என்று கூட இருந்த ஹாப்கின்ஸ் சொல்லியிருக்கிறார். டிசம்பர் 17 அன்று பத்திரிகையாளர்களிடம், பக்கத்து வீடு பற்றி எரியும்போது தோட்டத்து ரப்பர் குழாய்க்கு விலை பேசுவோமா, அணைத்துவிட்டுக் குழாயைத் திருப்பிக் கொடு என்றுதானே சொல்வோம் என்றார். ரொக்கம் வாங்காமலே ஆயுதம் தர வழிசெய்த கடன்-குத்தகைச் சட்டம் 1941 மார்ச் 11 அன்று கையெழுத்தானது.

ஸ்டாலினோடு ஏன் எப்போதும் சண்டை?

இரண்டாம் போர்முனைதான் காரணம், அதாவது ஜெர்மனியை மேற்கிலிருந்தும் தாக்குவது. 1941 ஜூலை 18 அன்று சர்ச்சிலுக்கு அனுப்பிய முதல் பதிலிலேயே, வட பிரான்சில் ஒரு போர்முனை திறங்கள் என்று ஸ்டாலின் கேட்டுவிட்டார். அது திறந்தது 1944 ஜூன் 6 அன்று. இடையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், ஒரே கேள்வியும் ஒரே சமாதானமும். சில பதில்களில் கசப்பு வெளிப்படையாகவே இருக்கிறது. 1942 ஜூலையில் ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுபோன பிக்யூ-17 என்ற கப்பல் வரிசை (கான்வாய்) ஆர்க்டிக் கடலில் பெரும்பகுதி மூழ்கியதும், கான்வாய்களை நிறுத்துவதாகச் சர்ச்சில் எழுதினார். இரண்டாம் போர்முனையும் இல்லை, சரக்கும் இல்லையா என்ற தொனியில் ஸ்டாலின் பதில் போட்டார். ஆகஸ்டில் சர்ச்சில் மாஸ்கோவுக்கே போக வேண்டியதாயிற்று. சில செய்திகளைத் தந்தியில் சொல்ல முடியாது.

1943 அக்டோபர் 13 தேதியிட்ட ஸ்டாலினின் கடிதம்தான் உச்சம். கான்வாய் அனுப்புவது உங்கள் கடமை, வட ரஷ்யத் துறைமுகங்களில் உங்கள் மாலுமிகள் கூடுதலாக வேண்டியதில்லை என்கிற தோரணை. சர்ச்சில் கோபமாகப் பதில் எழுதவில்லை. 18-ஆம் தேதி புதிய சோவியத் தூதர் குசேவ் பார்க்க வந்தபோது, அந்த உறையை அப்படியே அவர் கையில் திணித்து, இப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்று வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ராஜதந்திர மொழியில் இதற்கு ஒரு பிரெஞ்சுச் சொற்றொடரே உண்டு. நம் ஊர்ப் பேச்சில், வாங்கின பத்திரிகையை வாசலிலேயே திருப்பிக் கொடுப்பது. அப்போது மாஸ்கோவில் இருந்த பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஈடன் ஸ்டாலினிடம் நேரில் பேசி விஷயத்தை ஆற்றினார். கான்வாய்களும் மறுபடி கிளம்பின.

ஒருவருக்கொருவர் பொய் சொன்னார்களா?

சொன்னார்கள். நன்கு பதிவான ஒன்று ரூஸ்வெல்ட்டுடையது. 1943 மே 5 தேதியிட்ட கடிதத்தை, மாஸ்கோவில் முன்பு அமெரிக்கத் தூதராக இருந்த ஜோசப் டேவிஸ் கையில் கொடுத்து மாஸ்கோவுக்கு அனுப்பினார். நாம் இருவர் மட்டும் சந்திக்கலாம், அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் நடுவே இருக்கும் பேரிங் நீரிணையின் உங்கள் பக்கமோ எங்கள் பக்கமோ என்பது யோசனை. ஐஸ்லாந்து ஏன் வேண்டாம் என்பதற்கு அவர் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: அங்கே சந்தித்தால் சர்ச்சிலை அழைக்காமல் இருப்பது கஷ்டம். ஜூனில் விஷயம் சர்ச்சிலுக்குத் தெரிந்து வருத்தப்பட்டு எழுதினார். தனியாகச் சந்திக்கலாம் என்று நான் சொல்லவில்லை என்று ரூஸ்வெல்ட் 28-ஆம் தேதி பதில் அனுப்பினார். இரண்டு கடிதங்களும் இன்று பக்கத்தில் பக்கத்தில் படிக்கக் கிடைக்கின்றன.

ஓர் ஆண்டுக்கு முன்பே, 1942 மார்ச்சில், உங்கள் வெளியுறவுத் துறையையும் எங்கள் வெளியுறவுத் துறையையும் விட ஸ்டாலினை நானே நன்றாகக் கையாள்வேன் என்று சர்ச்சிலுக்கே அவர் எழுதியிருந்தார். ஆகவே சர்ச்சில் அதிர்ச்சி அடைந்தது கொஞ்சம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சந்திக்கும் இடத்துக்கே இத்தனை கடிதங்கள் ஏன்?

ஸ்டாலின் போர்முனையைவிட்டுத் தூரம் வரமுடியாது, தெஹ்ரானைத் தாண்டமாட்டேன் என்றார். ரூஸ்வெல்ட் கெய்ரோ, பாஸ்ரா, பாக்தாத் என்று கேட்டுப் பார்த்தார். அவர் காட்டிய காரணம் விநோதமானது: மசோதா கைக்கு வந்து பத்து நாளுக்குள் அதிபர் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியல் சட்டம், தெஹ்ரான் மலைகளில் வானிலை கெட்டால் விமானம் நேரத்துக்கு வராது. பாதி உண்மை. கடைசியில் விட்டுக்கொடுத்தவர் ரூஸ்வெல்ட்தான், சக்கர நாற்காலியில் இருந்த மனிதர் உலகத்தின் மறுபாதிக்குப் பயணம் செய்தார்.

கட்டின் படுகொலை பற்றி அவர்களுக்குத் தெரியாதா?

ரஷ்யாவில் கட்டின் என்ற இடத்துக் காட்டில் போலந்து ராணுவ அதிகாரிகளின் புதைகுழிகள் 1943 ஏப்ரலில் வெளிப்பட்டன. கொன்றது சோவியத் தரப்புதான் என்பதற்கான காரணங்களை, லண்டனில் புகலிடம் பெற்றிருந்த போலந்து அரசுக்கான பிரிட்டிஷ் தூதர் ஓமாலி அறிக்கையாகவே எழுதிக்கொடுத்தார். ஆகஸ்ட் 13 அன்று சர்ச்சில் அதை ரூஸ்வெல்ட்டுக்கு அனுப்பினார். கூட இருந்த குறிப்பு: கொடூரமான கதை, நன்றாக எழுதப்பட்டது, ஒருவேளை கொஞ்சம் அதிகமாகவே நன்றாக. படித்து முடித்ததும் திருப்பி அனுப்பிவிடுங்கள், இதை நாங்கள் அதிகாரபூர்வமாகச் சுற்றுக்கு விடவில்லை. அவ்வளவுதான். ஸ்டாலினுக்கு எழுதிய கடிதங்களில் இந்த அறிக்கையின் சுவடு தேடினால் கிடைக்காது.

இந்தியா பற்றி எழுதிக்கொண்டார்களா?

எழுதினார்கள், அது கசப்பான அத்தியாயம். 1942 மார்ச் 10 அன்று ரூஸ்வெல்ட் ஒரு யோசனை அனுப்பினார். அமெரிக்காவின் 13 மாநிலங்கள் 1783 முதல் 1789 வரை ஒரு தற்காலிக அமைப்பின் கீழ் தட்டுத் தடுமாறி நடந்ததுபோல, இந்தியாவிலும் ஒரு தற்காலிக அரசு அமைக்கலாமே என்றார். இந்தியாவுக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம். சர்ச்சிலுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அதே மாதம் பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் அரசியல் பேச்சுவார்த்தைக்காக டெல்லி வந்தார். காங்கிரசுடன் பேச்சு முறிந்தது. ஏப்ரல் 12, ஞாயிறு விடியற்காலை மூன்று மணி அளவில், சர்ச்சிலின் கிராமத்து மாளிகையில் ரூஸ்வெல்ட்டின் தந்தி வந்தது. ஹாப்கின்ஸ் அங்கே விருந்தாளியாக இருந்தார், தந்தி அவர் வழியாகத்தான் சர்ச்சிலுக்குப் போனது. இன்னொரு முயற்சி நடக்கட்டும், கிரிப்ஸின் பயணத்தைத் தள்ளிவையுங்கள் என்று கேட்டதோடு, இந்திய மக்களுக்குத் தன்னாட்சி உரிமை கொடுக்கப் பிரிட்டன் தயங்கியதுதான் முறிவுக்குக் காரணம் என்று அமெரிக்கப் பொதுமக்கள் கருதுவதாகவும் சொல்லியிருந்தார். சர்ச்சில் கொதித்துப்போனார். பதவி விலகவும் தயார் என்று ஹாப்கின்ஸிடம் பேசினார். கிரிப்ஸ் அதற்குள் கிளம்பியும் விட்டார்.

அனுப்பிய பதிலில்தான் பழைய புனைபெயர் வேலை செய்கிறது. உங்கள் தந்தி முன்னாள் கடற்படைக்காரருக்கு வந்தது, எனவே இதைத் தனிப்பட்ட கடிதமாக வைத்துக்கொள்கிறேன், நீங்கள் சொன்னால் ஒழிய அமைச்சரவை முன் வைக்கப்போவதில்லை என்று எழுதினார். முகவரியில் இருந்த பெயரை வைத்தே ஓர் அதிபரின் கருத்தைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார். ரூஸ்வெல்ட்டும் அதற்குமேல் போகவில்லை. ஜூலையில் இந்தியாவுக்காகச் சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் எழுதியதைச் சர்ச்சிலுக்கு அப்படியே அனுப்பிவைத்ததோடு சரி. கூட்டணியா இந்தியாவா என்று வந்தபோது அவர் எதைத் தேர்ந்தார் என்பதில் மர்மம் இல்லை.

இலங்கை வருகிறதா?

அதே ஏப்ரலில்தான் வருகிறது. 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9-ஆம் தேதி திருகோணமலையை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இரண்டு தாக்குதலுக்கும் இடையில், 7-ஆம் தேதி, இந்தியப் பெருங்கடலில் ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகள் நிற்கின்றன, உங்கள் பசிபிக் படை ஏதாவது செய்து அவற்றைத் திரும்பவைக்க முடியாதா என்று சர்ச்சில் கேட்டிருந்தார். 15-ஆம் தேதி மறுபடி எழுதினார். பசிபிக்கில் சில நடவடிக்கைகள் நடக்கின்றன, ரகசியம் கருதி விவரம் சொல்லவில்லை, சீக்கிரமே தெரியவரும் என்ற மாதிரி ரூஸ்வெல்ட் பதில் சொன்னார். 18-ஆம் தேதி அமெரிக்க விமானங்கள் டோக்கியோ மீது குண்டு போட்டன. கூட்டாளிக்கும் முன்கூட்டிச் சொல்லாத செய்தி உண்டு.

வங்கப் பஞ்சம்?

1944 ஏப்ரல் 29 அன்று சர்ச்சில் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கோதுமை ஏற்ற அமெரிக்கக் கப்பல்கள் தர முடியுமா என்று கேட்டார். கடந்த ஆண்டு வங்கத்தில் குறைந்தது 7,00,000 பேர் இறந்தார்கள் என்று அதில் குறிப்பிடுகிறார். 1945-இல் விசாரணை ஆணையம் சொன்னது சுமார் 15 லட்சம், பிற்கால ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் வரை போகிறார்கள். ரூஸ்வெல்ட் ஜூன் 1 அன்று, ராணுவக் காரணங்களால் முடியாது என்று வருத்தத்தோடு மறுத்தார். வட பிரான்சின் நார்மண்டியில் படையிறக்கத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

சர்ச்சிலுக்கு ஆதரவாக இந்தக் கடிதத்தைக் காட்டுகிறவர்கள் உண்டு. தேதியைப் பார்த்தால் போதும் என்பேன். சாவு உச்சத்தில் இருந்தது 1943-இன் பின்பாதியில். இது அதற்குப் பிந்திய கடிதம்.

வார்சா எழுச்சியின்போது இருவரும் சேர்ந்து எழுதினார்களாமே?

1944 ஆகஸ்ட் 1 அன்று வார்சாவில் போலந்துப் படையினர் ஜெர்மானியரை எதிர்த்து எழுந்தார்கள். விஸ்துலா ஆற்றுக்கு அக்கரையை நெருங்கியிருந்த சோவியத் படை உதவவில்லை. 20-ஆம் தேதி இருவரும் கூட்டாக எழுதினார்கள். எழுச்சியைத் தொடங்கியவர்கள் ஒரு குற்றவாளிக் கும்பல் என்று ஸ்டாலின் பதில் அனுப்பினார். கேட்காமலேயே விமானங்களை அனுப்பிப் பார்க்கலாம், சோவியத் தளத்தில் இறங்கினால் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்றார் சர்ச்சில். ரூஸ்வெல்ட் சேர மறுத்தார். ஜப்பானைத் தாக்கச் சைபீரியத் தளங்களைக் கேட்டுப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

இவற்றை எங்கே படிக்கலாம்?

சோவியத் அரசு தன் பக்கத்துக் கட்டை 1957-இலேயே இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. மேற்கில் வந்துகொண்டிருந்த நினைவுக் குறிப்புகளுக்குப் பதிலடி என்றே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மூலங்கள் நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் ரூஸ்வெல்ட் நூலகத்திலும், கேம்பிரிட்ஜில் சர்ச்சில் கல்லூரியிலும் இருக்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட தொகுதிகள் இணையத்தில் இலவசம். எங்கே ஆரம்பிப்பது என்றால், 1942 ஏப்ரல் மாதத்தை மட்டும் நாள் வரிசையில் படியுங்கள்.

கடைசிக் கடிதம் எது?

1945 மார்ச்சில் இத்தாலியில் இருந்த ஜெர்மன் படை சரணடைவது பற்றி, ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அமெரிக்க உளவுத்துறை பேச்சு நடத்தியது. எங்களுக்குத் தெரியாமல் பேரம் பேசுகிறீர்கள் என்று ஸ்டாலின் குற்றம் சாட்டினார். ஏப்ரல் 4 அன்று ரூஸ்வெல்ட் பெயரில் போன பதில் கடுமையானது, மார்ஷலும் லேஹியும் வரைந்தது. ஒரு வாரத்தில் அவர் தணிந்துவிட்டார். விவகாரம் முடிந்துபோயிற்று, இம்மாதிரிச் சிறு மனத்தாங்கல்கள் இனி வரக்கூடாது என்று ஸ்டாலினுக்கு ஒரு தந்தி அனுப்பினார். மாஸ்கோ தூதர் ஹாரிமன் அதைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, ‘சிறு’ என்ற சொல்லை எடுத்துவிடலாமே என்று கேட்டார். நடந்தது சிறிய விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை. எடுக்க வேண்டாம், இதைச் சிறிய விஷயமாகக் கருதுவதுதான் என் விருப்பம் என்று ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்சிலிருந்து பதில் போனது. அது ஏப்ரல் 12. அன்று பிற்பகல் ரூஸ்வெல்ட் இறந்துபோனார். தந்தி ஸ்டாலின் கைக்குப் போனது மறுநாள், ‘சிறு’ என்ற சொல்லோடு.